ஹெலனின் ஊர்

தம்பி,

நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சுகமில்லை என்று எழுதினால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் தொலைபேசியைத் தூக்குவாய். ஆகவே அந்தப் பேச்சை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ கடைசியாக இங்கிருந்து வெளிக்கிடும்போது குசினி வாசலில் நின்று ஒன்று கேட்டாய். "அம்மா, நான் பாரிசுக்கே திரும்பி வந்திடட்டோ? சபைத் தலைவரிட்டைக் கேட்டால் விடுவார். இஞ்சை எங்கடை சனத்துக்கும் ஒரு குரு தேவைப்படுது. நீங்களும் தனிய. நீங்கள் சொல்லுங்கோ, நான் அதின்படி செய்யிறன்" என்றாய். உன் பெட்டிக்குள் மிளகாய்த்தூள் பையைத் திணித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதிலைக் கடைசியில்தான் சொல்வேன், பொறுத்து வாசி. சின்ன வயதிலிருந்தே கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிற பழக்கம் உனக்கு.

எல்லாரும் வாசிக்கட்டும் என்று இதைத் தமிழ்த் திருப்பலி மலரில் போடக் கொடுக்கப்போகிறேன். நீ கூச்சப்படுவாய், படு. அப்பாவின் மரண அறிவித்தல் எங்கள் சனத்தின் கடைகள் இருக்கிற லா சப்பல் முழுக்கச் சுவர் சுவராக ஒட்டியிருந்தது. பிறந்த இடம், வதிவிடம், அன்புக் கணவர், பாசமிகு தந்தை என்று எல்லாருக்கும் போடுகிற வரிகள்தான். ஆனால் கீழே ஒரு வரி நான் சொல்லிப் போட்டது. இறுதித் திருப்பலியை அன்னாரின் மகனே ஒப்புக்கொடுப்பார் என்று கொட்டை எழுத்தில். வேறு எந்த வீட்டு அறிவித்தலில் அப்படி ஒரு வரி வரும்? அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு நீ வரவில்லை. அந்தக் காகிதம் மட்டும் மழையில் நனைந்து, மூலை கிழிந்து, அதன்மேல் வேறொருவரின் சாவு ஒட்டப்படும்வரை அங்கேயே நின்றது. நான் வேலை செய்கிற மரக்கறிக் கடைக்கு அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகவேண்டும். கடைக்கு வந்தவர்கள் முருங்கைக்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டே கேட்டார்கள், "என்னக்கா, ஃபாதர் வரேல்லையாமே?" என்று. சுவரில் ஒட்டி எல்லாருக்கும் சொன்ன கதைக்கு மறுமொழியும் எல்லாருக்கும் தெரியத்தான் வேண்டும்.

நீ குருவாகப் போகிறேன் என்று வந்து நின்றது 2009இல். அந்த மே மாதம் லா சப்பலில் கடைகள் பூட்டிக் கிடந்தன. சனம் றோட்டில் நின்றது, யாருக்கு யார் ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் நின்றது. வன்னிக்குள் இருந்த உன் பெரியப்பாவிடமிருந்து அப்பாவுக்கு வந்துகொண்டிருந்த தகவல் அதற்குச் சில கிழமைகளுக்கு முன்பே நின்றுபோயிருந்தது. இன்றுவரை அவருக்கு என்ன நடந்ததென்று தெரியாது. ஒரு நாள் இல்லை, ஒரு குழி இல்லை. சகல ஆத்துமாக்கள் திருநாளில் எல்லாரும் இறந்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்துவார்கள். அப்பாவும் ஒன்று வாங்குவார், தமையனை எந்தப் பக்கம் சேர்ப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, கொளுத்தாமலே கோட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். அலுமாரியின் மேல்தட்டில் அந்தத் திரிகள் இன்னும் கிடக்கின்றன.

அந்த நாட்களில்தான் நீ வந்து சொன்னாய். ஒற்றைப் பிள்ளை. கலியாணம், பேரப்பிள்ளை என்று நான் கட்டி வைத்திருந்ததெல்லாம் போச்சு என்று விளங்கியதும், மேசையில் தலையை வைத்து அழுதேன். அப்பா என்னைத் தேற்றவில்லை. உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்த கை, விரல்கள் எல்லாம் சுருங்கி இருந்தன. அந்தக் கையை என் முதுகில் வைத்து, "விடும். ஆரையாவது ஒழுங்கா அடக்கம் செய்யிற வேலைக்குத்தானே போறான்" என்றார். நீ அப்போது பக்கத்து அறையில் இருந்தாய், கேட்டிருக்கமாட்டாய். கேட்டிருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

உனக்குக் குருப்பட்டம் கொடுத்த நாளில் பூசிய எண்ணெய் காயாத உன் உள்ளங்கைகளை முதலில் முத்தமிட்டது நான். உன்னைப் பெற்றெடுத்த நான் உனக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். அன்றிலிருந்து நாலு பேருக்கு முன்னால் உன்னை "ஃபாதர், வாங்கோ, இருங்கோ" என்றுதான் சொல்லிவந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் "தம்பி, காலைக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடு." உனக்கு அது பகிடி. எனக்கு அது ஒவ்வொரு முறையும் உன்னைக் கொடுத்துத் திருப்பி வாங்குகிற வேலை.

பிறகு சபை உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பியது. லா சப்பலில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "நியூயோர்க்கோ?" அப்பா, "அதுக்குக் கிட்டத்தான்" என்று சொல்லிவைத்தார். அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. நீ ஊரின் பெயரை அனுப்பியதும் தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து இரண்டு விரலால் பெருப்பித்துக்கொண்டே இருந்தார். பெருப்பிக்கப் பெருப்பிக்க ஒன்றும் வரவில்லை. ஒரு கோடு றோட்டு, ஒரு கோடு ஆறு, ஒரு கோடு தண்டவாளம். மூன்றும் கிட்ட வருகிற இடத்தில் உன் ஊர். "இஞ்சேரும், இவனை ஏன் ஆக்கள் இல்லாத இடத்துக்கு அனுப்பியிருக்கினம்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? அங்கே தமிழ்க் கடை இருக்காது என்பது மட்டும் விளங்கியது.

நீ போய் இரண்டாம் கோடையில் நாங்கள் வந்தோம். நெப்ராஸ்கா என்ற பெயரைச் சொல்ல அப்பா விமானத்தில் முழுக்கப் பழகினார், வந்து சேரும்வரை சரிவரவில்லை. விமானம் மாறி மாறி வந்து, பிறகு உன் காரில் ஏறினால் அந்தப் பயணம் அதைவிட நீளமாகப் பட்டது. மேடு பள்ளம் என்று ஒன்றில்லை. கண் எட்டுகிற தூரம்வரை சோளம். றோட்டு ஓரிடத்திலும் வளையவில்லை. முன் ஆசனத்திலிருந்து அப்பா, "தம்பி, இஞ்சை ஸ்டியரிங் என்னத்துக்கு?" என்று கேட்க, நீ சிரித்த சிரிப்பில் கார்தான் கொஞ்சம் வளைந்தது. தூரத்தில் உயரமாக ஒன்று தெரிந்ததும் உன் கோயில் கோபுரம் என்று நினைத்து நான் சிலுவை அடையாளம் போட்டேன். அது சோளம் கொட்டி வைக்கிற களஞ்சியம். உன் கோயில் அதற்குப் பின்னால் அரைவாசி உயரத்தில் நின்றது. ஆறு பெரிய அகலம், ஆனால் தண்ணீர் கணுக்கால் அளவுதான், நடுவில் மணல் திட்டுத் திட்டாகக் கிடந்தது. நிலக்கரி ஏற்றிய ரயில் வரும், போய்க்கொண்டே இருக்கும், முடியாது போல இருக்கும், ஆனால் நிற்காது. முன்பு அங்கே நிற்குமாம், சனம் ஏறி இறங்குமாம்.

ஊர் எல்லையில் ஒரு பச்சைப் பலகை. ஊரின் பெயர், அதன்கீழ் ஓர் எண். அப்பா, "உது என்ன, தூரமோ?" என்று கேட்டார். "இல்லையப்பா, சனத்தொகை" என்றாய். அவர் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். அந்த நாட்டுச் சட்டப்படி அது ஒரு நகரமாம். நாங்கள் இருக்கிற கார்ஜ் புறநகரில் எங்கள் மாடிக் கட்டடங்கள் நாலைந்தில் இருக்கிற சனத்தைக் கூட்டினாலே அந்த நகரம் நிரம்பிவிடும். "ஆராவது செத்தால் இந்த எண்ணை மாத்துவினமோ?" என்று அப்பா கேட்டார். "இல்லையப்பா, அடுத்த கணக்கெடுப்பு மட்டும் அப்பிடியே கிடக்கும். ஒவ்வொரு முறையும் குறைஞ்சுதான் வருது" என்றாய். "அப்ப செத்த சனமும் இதுக்குள்ளை நிக்குது" என்றார் அப்பா. நீ அவரைப் படம் எடுத்தாய். அந்தப் படத்தை அவர் லா சப்பலில் காட்டாத கடை இல்லை. சலூன்காரப் பெடியன் பார்த்துவிட்டு, "அண்ணை, இவ்வளவு சனம் சனிக்கிழமையிலை எங்கடை கடை வாசலிலை நிக்கும்" என்றானாம். அதன்பிறகு நியூயோர்க்குக்குக் கிட்ட என்ற கதையை அப்பா விட்டுவிட்டார்.

அந்த ஊரின் பெரிய தெருவில் நீ எங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாய். இது சப்பாத்துக் கடையாக இருந்தது, இது படம் ஓடிய இடம், இது வங்கி என்று சொல்லிக்கொண்டு வந்தாய். கண்ணாடிகளுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். காலைத் திருப்பலிக்கு வந்தவர்கள் எல்லாரும் தடியோடு வந்தார்கள். ஞாயிறு மத்தியானம் ஸ்பானிஷ் திருப்பலிக்கு மட்டும் கோயில் நிரம்பியது. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிற குவாத்தமாலாச் சனம், கைக்குழந்தைகளோடு. உனக்கு அந்த மொழியும் வந்துவிட்டது என்று அப்போதுதான் கண்டேன். எங்களுக்கு ஊர் காலியாவது புதினமில்லை. ஷெல் விழும், ஓடுவோம். அங்கே ஒரு வெடிச்சத்தம் கேட்காமலே ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள், திரும்பி வருவதில்லை, அவ்வளவுதான். அதைப் பார்க்க எனக்கு ஓடி வந்ததைவிடக் கூடப் பயமாக இருந்தது.

ஹெலனை அங்கேதான் கண்டேன். உன் கோயிலில் ஓகன் வாசிக்கிற மனிசி, என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும், ஆனால் பெரிய பாரவண்டி போல ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு திரிவாள். புருசன் செத்துப்போனார். ஒரு மகள் அரிசோனாவில், ஒரு மகன் அலாஸ்காவில். எனக்கு ஆங்கிலம் இல்லை, அவளுக்குப் பிரெஞ்சு இல்லை, தமிழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இருந்தும் நாங்கள் இருவரும் உன் குசினியில் இருந்து அவரைக்காய் உடைத்தோம். நான் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணீர் வடிய வடிய இன்னும் கேட்டாள். உன் சட்டைக் கையில் பொத்தான் தைத்திருந்த நூலைப் பார்த்தேன், அது உன் தையல் இல்லை. நான் கேட்டதற்கு, "ஹெலன் தைச்சவ" என்றாய். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, பிறகு நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள் அவள் எங்களைச் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த ஊரில் மேடு என்று சொல்லக்கூடிய ஒரே இடம் அதுதான். புல் ஒழுங்காக வெட்டியிருந்தது. பழங்காலத்தில் வந்து குடியேறிய ஜெர்மன்காரர், செக் நாட்டுக்காரர் எல்லாரும் பெயரோடும் ஆண்டோடும் வரிசையாகக் கிடந்தார்கள். பிறந்தன்றே செத்த குழந்தைக்குக்கூட ஒரு சின்னக் கல். ஹெலன் ஒரு கல்லுக்கு முன்னால் போய்க் குனிந்து, சட்டைக் கையால் தூசியைத் துடைத்தாள். புருசனின் பெயர், பிறந்த ஆண்டு, செத்த ஆண்டு. பக்கத்தில் ஹெலனின் பெயர், பிறந்த ஆண்டு, ஒரு சின்னக் கோடு, பிறகு ஒன்றும் இல்லை. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். உயிரோடு நிற்கிற மனிசி தன் கல்லறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "பயமில்லையோ எண்டு கேள் தம்பி" என்றேன். நீ கேட்டாய். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். "பிள்ளையளுக்கு வேலை குறையுமாம் அம்மா. ஆண்டை மட்டும் வெட்ட ஒரு ஆளுக்குத் தொலைபேசியிலை சொன்னால் போதுமாம்" என்றாய். எங்கள் ஆட்கள் இதைக் கேட்டால் காறித் துப்புவார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்பா ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு நடந்தார், எழுத்துக் கூட்டிப் பெயர்களை வாசித்தார். திரும்பி வரும்போது காரில், "இஞ்சை ஆக்கள் இல்லை. ஆனால் ஒருத்தரும் காணாமல் போகேல்லை" என்றார். பெரியப்பாவை நினைத்துத்தான் சொன்னார்.

அப்பாவுக்கு நெஞ்சடைப்பு வந்தது உனக்குத் தெரிந்த கதை, ஆனால் நான் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திங்கள் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுப் பிள்ளைகளை வரச் சொல்லுங்கள் என்றார். நான் உனக்குச் சொன்னேன், நீ செவ்வாய் வெளிக்கிடுகிறேன் என்றாய். அப்பாவின் காதில் போய், "தம்பி வாறான்" என்றேன். "ஓம்" என்றார். அவர் பேசிய கடைசிச் சொல் அதுதான். செவ்வாய் மாலை உன் தொலைபேசி வந்தது. பனிப்புயல், றோட்டு எல்லாம் மூடிவிட்டார்கள், விமானம் இல்லை என்றாய். புதன்கிழமை அப்பா போய்விட்டார். சனிக்கிழமையை விட்டால் கோயிலும் சேமக்காலையும் ஒத்துவருகிற நாள் வெகு தூரம் தள்ளி இருந்தது. வெள்ளிக்கிடையில் பனி விட்டுவிடும், நீ வந்துவிடுவாய் என்று நம்பித்தான் அறிவித்தலில் அந்த வரியைப் போடச் சொன்னேன். இங்கே பனி பெய்தால் அடுத்த நாள் சேறாகிவிடும். உன் ஊர்ப் பனி எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் கண்டது அந்த ஊரின் சோளத்தை மட்டும்தானே.

பொபினியிலிருந்து வந்தார்கள், பியர்ஃபித்திலிருந்து வந்தார்கள், அப்பாவைத் தெரியாதவர்களும் வந்தார்கள். மகன் தகப்பனுக்குப் பூசை வைப்பதைப் பார்க்கலாம் என்று வந்தார்கள். கோயில் கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் எல்லாத் தலையும் திரும்பியது. எங்கள் பங்குச் சுவாமி, கொங்கோக்காரர், நல்ல மனிதர், அவர்தான் பிரெஞ்சில் பூசை வைத்தார். யாரோ ஒரு பெடியன் உன்னைத் தொலைபேசியில் எடுத்துச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் நீ பூசைக்குப் போடுகிற ஸ்டோலாத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாய். உன் முகம் அசையாமல் நின்றுவிடும், பிறகு துள்ளும், பிறகு நின்றுவிடும். அதைக் கவிழ்த்து வைக்கச் சொன்னது நான்தான். வேறு யாரையும் நீ சந்தேகப்படவேண்டாம். அதற்காக இப்போதும் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உன்னை அந்த அளவில், ஒரு உள்ளங்கைக்குள், அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் என்னால் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை நீ வந்தாய். சேமக்காலையில் ஈர மண்ணுக்கு முன்னால் நின்று செபம் சொன்னாய். நான் பின்னால் நின்று உன் முதுகைப் பார்த்தேன், அப்பாவின் முதுகு. பனி என்றால் யார் என்ன செய்யலாம் என்று என் மனதை ஆற்றிவைத்திருந்தேன். பிறகு நீ வெளிக்கிடுகிற அன்று குசினியில் வைத்துச் சொன்னாய். மனம் குழம்பினால் உனக்குப் பிரெஞ்சுதான் வரும், அன்றைக்கும் அதில்தான் சொன்னாய். செவ்வாய்க்கிழமை காலை றோட்டு திறந்திருந்தது என்றாய். பெட்டியைக் காரில் வைத்துவிட்டு, நியூமோனியாவில் கிடந்த ஹெலனிடம் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனாயாம். மகள் அரிசோனாவில் விமானத்துக்குக் காத்திருந்தாள், மகனிடமிருந்து தகவலே இல்லை. ஹெலன் உன் கையைப் பிடித்தாளாம், விடவில்லையாம். நீ இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருக்கப் பனி தொடங்கிவிட்டது. வியாழக்கிழமை அவள் போனாள். சனிக்கிழமை றோட்டைத் திறந்ததும், அவளை அடக்கம் செய்ய வேறு ஊர்க் குருவைக் கேட்டுவிட்டு நீ இங்கே ஓடி வந்தாய். அப்படிப் பார்த்தால் இரண்டு பேரில் ஒருவரையும் நீ அடக்கம் செய்யவில்லை.

இதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வரட்டோ என்று கேட்டாய். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்காகத் தகப்பனை விட்டாய் என்று சொல்ல வாய்வரை வந்தது, பெட்டிக்குள் மிளகாய்த்தூளைத் திணித்ததில் அது போய்விட்டது. அதன்பிறகு கிழமைக்கணக்காக அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். கடையில் வெண்டிக்காய் நிறுக்கும்போது நினைத்தேன், ஆர்.இ.ஆர். ரயிலில் இருந்துகொண்டு நினைத்தேன். உன் தொலைபேசிக்கு ஓம், இல்லை என்று மட்டும் மறுமொழி சொன்னேன். நீயும் அதற்குமேல் கேட்கவில்லை.

போன கிழமை அப்பாவுக்குக் கல் சொல்லப் போனேன். சேமக்காலை வாசலுக்கு எதிரே கல் வெட்டுகிற கடை. பக்கத்து வீட்டு ஜெசிந்தா துணைக்கு வந்தாள். கடைக்காரப் போர்த்துக்கல் பெடியன் அப்பாவின் பெயரையும் ஆண்டுகளையும் எழுதிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் உங்கள் பெயருக்கு இடம் விடட்டுமா மதாம் என்று கேட்டான். அந்த நேரத்தில் எனக்கு ஹெலன் சட்டைக் கையால் தூசி துடைத்தது கண்ணில் வந்தது. பிள்ளைகளுக்கு வேலை குறையும் என்று சிரித்தாளே, அது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் அந்த மனிசி அந்தக் கல்லை வெட்டிவைத்தாள். தெரிந்துகொண்டே சிரித்தாள். கடைசியில் அவளுடைய கையைப் பிடிக்க அந்த ஊரில் இருந்தது நீ ஒருவன்தான்.

அப்பா போகும்போது ஒரு கை என்னிடம் இருந்தது. மற்றக் கையில் ஜெசிந்தாவின் செபமாலை இருந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் அரைவாசிக் கார்ஜ் நின்றது, தாதிமார் வந்து சத்தம் போடவேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்கள். உனக்காகக் காத்திருந்தார், அது உண்மை, அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் அவர் தனியப் போகவில்லை. நான் அந்தப் பெடியனிடம், இடம் விடவேண்டாம், பெயரை வெட்டுங்கள் என்றேன். ஜெசிந்தா என் கையில் நுள்ளினாள். "உமக்கென்ன விசரோ? உயிரோடை இருக்கிற மனிசி கல்லிலை பேர் போடுறதோ? அபசகுனமெண்டு தெரியாதே?" என்றாள். தெரியும் என்றேன். என் பெயர், பிறந்த ஆண்டு, ஒரு சின்னக் கோடு. லா சப்பலில் இப்போது இதுதான் கதை. நீ வராத கதையை எல்லாரும் மறந்துவிட்டார்கள், அதுவும் ஒரு நன்மை.

ஆகவே பதில் இதுதான். வராதே. எனக்கு நீ வேண்டாம் என்று சொல்வதாக நினைக்காதே. இதை எழுத எனக்கு நெஞ்சு எரிகிறது. மீன் வாங்கினால் இப்போதும் இரண்டு பேருக்கு வாங்கிவிடுகிறேன், உன்னை வரச் சொன்னால் மூன்று பேருக்கு வாங்குவேன். உன் காலடிச் சத்தம் மாடிப்படியில் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது, சாகும்வரை இருக்கும். ஆனால் இங்கே ஒரு ஆளுக்கு வருத்தம் என்றால் கதவைத் திறக்க முடியாத அளவுக்குச் சனம் வந்து நிற்கும். அங்கிருந்து நீ வந்துவிட்டால் அந்தக் கோயிலைப் பூட்டுவார்கள் என்று நீயே சொன்னாய். பிறகு அந்தத் தடி பிடித்த கிழவர்களின் கையை யார் பிடிப்பது? அந்தக் குவாத்தமாலாப் பிள்ளைகளுக்கு யார் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுவது? நீ என்ன வேலைக்குப் போகிறாய் என்று அப்பா சொன்னாரோ அந்த வேலை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பலகையில் ஹெலன் இன்னும் நிற்கிறாள், அடுத்த கணக்கெடுப்பு மட்டும் நிற்பாள். அதுவரைக்குமாவது நீயும் நில்.

பனிக்குள் காரை வேகமாக ஓட்டாதே. அந்தக் குவாத்தமாலாப் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிச் சாப்பிடு. பொத்தான் தைக்க நீயே பழகு, இனி ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பூசை முடிந்ததும் எடு, இனி ஓம், இல்லை என்று மட்டும் சொல்லமாட்டேன். ஹெலனின் கல்லில் அந்த ஆண்டை வெட்டியாயிற்றா என்று போய்ப் பார். பிள்ளைகள் தொலைபேசியில் சொல்ல மறந்திருப்பார்கள். வெட்டியிருக்காவிட்டால் நீ சொல்லி வெட்டுவி.

என் கல்லிலும் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அதற்கு மட்டும் நீ வரவேண்டும். அன்றைக்கும் உன் ஊரில் பனி கொட்டினால், யாராவது உன் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தால், அவர்கள் விடும்வரை இருந்துவிட்டு வா. என்னைப் பற்றி அவசரப்படாதே, எனக்கு இங்கே ஆக்கள் இருக்கிறார்கள். என் அறிவித்தலில் அந்தக் கடைசி வரியைப் போடவேண்டாம் என்று ஜெசிந்தாவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

அம்மா